கட்டைவிரலும் கால்நடையும்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ரத்ததான முகாம் அறிவிப்பு ஒன்று வந்தது. நல்ல போஸ்டர். அடுத்த பத்து நிமிடத்தில் கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் திரை முழுக்க நிறைந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்துக்குப் போனால் மொத்தமே பதினொரு பேர். அடுத்த முகாமுக்கு, போஸ்டர் போடுவதற்கு முன்பே சங்கச் செயலாளர் ஐந்து பேரிடம் நேரில் பேசிவைத்தார். போஸ்டர் வந்த கையோடு "நான் ஒன்பது மணிக்கு வர்றேன்" என்று மாடி வீட்டு அக்கா எழுதினார். பின்னாலேயே இஸ்திரிக் கடை அண்ணன். அப்புறம் கல்லூரிப் பையன்கள் வரிசையாக. அன்றைக்குக் கட்டில் போதாமல் மதியம் இரண்டு மணி வரை முகாம் நீண்டது.

அதே குழு, அதே ஆட்கள். எது மாறியது? சமூகவியலில் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

பாஸ்டனை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களிடம், 'தகவல் யார் மூலம் வந்தது?' என்று விசாரித்தார் மார்க் கிரானோவெட்டர். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் மூலம் வேலை அறிந்தவர்களே அதிகம். இதைக் கொண்டு அவர் 1973-ல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். உயிர்த்தோழனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச்செய்தி லேசான பழக்கத்தின் வழியாகத்தான் வரும். ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்கும் செய்தி, பள்ளித் தோழர் குழுவில் யாரோ ஒருவர் தன் அலுவலகக் குழுவுக்குத் தள்ளிவிட்டதால் அடுத்த மாவட்டத்து ஆளின் கைக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

செய்தி சேர்ந்துவிட்டால் ஆள் கிளம்பிவிடுவாரா? அங்கேதான் சிக்கல். டேமன் சென்டோலா 1,528 பேரை இணையத்தில் இரண்டு விதமாகக் கோத்து, ஓர் உடல்நல இணையதளத்தில் சேர்கிறார்களா என்று பார்த்தார். ஒரு வலையில் நம் தெருவைப்போல ஒருவருடைய நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்கள். இன்னொன்றில் இணைப்புகள் கண்டபடி சிதறிக்கிடந்தன. தெரு போன்ற வலையில் சுமார் 54 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். சிதறிய வலையில் 38 சதவீதம். 2010-ல் வெளியான முடிவு இது. ஒருவர் கூப்பிட்டால் 'பார்க்கலாம்' என்கிறோம். தெரிந்த இன்னொருவரும் கூப்பிடும்போது செருப்பை மாட்டுகிறோம்.

அதே 2010 நவம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று, 6.1 கோடி பேரை வைத்து ஃபேஸ்புக்கில் ஒரு சோதனை நடந்தது. 'ஓட்டுப் போடுங்கள்' என்ற அறிவிப்பை மட்டும் பார்த்தவர்கள், எதையுமே பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக வாக்களிக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களிடம் சின்ன உயர்வு தெரிந்தது. அது நண்பர்கள் வழியாகப் பரவியதில் மொத்தம் சுமார் 3,40,000 ஓட்டுகள் கூடின என்று கணித்தார்கள். அந்தப் பரவலையும் பெரும்பாலும் செய்தவர்கள் நெருங்கிய நண்பர்களே.

எனக்கு மிகவும் பிடித்தது, கிரானோவெட்டர் 1978-ல் போட்ட ஒரு கணக்கு. மைதானத்தில் நூறு பேர். முதல் ஆள் யாரையும் எதிர்பாராமல் இறங்குவார். அடுத்தவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், அதற்கடுத்தவர் இருவர் இறங்கினால். இப்படியே தொண்ணூற்றொன்பது வரை. நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது 'ஒருவர் போதும்' என்ற அந்த ஆளை மட்டும் எடுத்துவிட்டு, 'இருவர் வேண்டும்' என்பவரை அங்கே வையுங்கள். முதல் ஆள் தனியாக நிற்பார், வேறு யாரும் வரமாட்டார்கள். ஊரின் குணம் ஏறக்குறைய அதேதான். இரண்டாவது ஆள் இல்லாமல் போனதால் எல்லாம் நின்றுவிட்டது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தை இந்தக் கணக்கோடு பார்க்கிறேன். 17-ம் தேதி முதலில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இருட்டில் கைபேசி விளக்கை உயர்த்திப் பிடித்து நின்றவர்களின் படங்கள் ஒவ்வொரு கைபேசிக்கும் போயின. 'எத்தனை பேர் வந்திருப்பார்கள்?' என்று வீட்டில் தயங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் படமே பதில். அதில் தன் வகுப்புத் தோழியின் முகமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சில நாட்களில் கடற்கரை கொள்ளவில்லை.

தூரம் போகும் செய்திக்கு ஒரு கெடுதலும் உண்டு. புறப்பட்டதைத் திரும்ப அழைக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது படகு கேட்டும் பால் பவுடர் கேட்டும் சென்னையிலிருந்து போன செய்திகள், உதவி கிடைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. தேதி இல்லாத 'அவசரம், ரத்தம் தேவை' இன்றும் எத்தனையோ குழுக்களில் உலவுகிறது. அதைப் பார்த்துக் கூப்பிட்டு ஏமாந்தவர், அடுத்த முறை உண்மையான அவசரத்தையும் தள்ளிவிடுவார்.

உங்கள் தெருவில் முகாமோ ஏரி தூர்வாரலோ நடக்கவிருந்தால், குழுவில் போடுவதற்கு முன் ஐந்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர்களைத் தங்கள் பெயரில் 'வர்றேன்' என்று எழுதச் சொல்லுங்கள். அறிவிப்பில் தேதியையும் நேரத்தையும் போடுங்கள். தேவை முடிந்ததும் 'ரத்தம் கிடைத்துவிட்டது, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று அதே குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.