நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்துக்கு பிரேக் பார்ப்பது எப்படி?

கடந்த வருடம் ஒரு கட்டுரைக்காகக் கற்பிட்டிப் பக்கம் போயிருந்தபோது, மூன்று நாட்களும் நண்பர் ஒருவரின் பழைய ஹைலக்ஸ் டபிள் கெப்பில்தான் சுற்றினோம். மூன்றாம் நாள் அதை வாங்க வந்தவர், பிரேக் பரிசோதித்த துண்டு ஒன்று வேண்டும் என்றார். தனியார் இடம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பின் சில்லுகள் இரண்டும் நிலத்தில் பதித்த ரோலர்களில் இறங்கின. இயந்திரத்தைப் போட்டார்கள். நண்பர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னரே வாகனம் கட்டறுத்த மாடுபோல் முன்னால் பாய்ந்து, எதிரே இருந்த மேசையில் மோதி நின்றது. மேசையருகே படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பையன் ஒதுங்கியதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினான்.

காரணம் சின்னது. காலையில் கடற்கரை மணலில் இறங்கியபோது நண்பர் நான்கு சில்லு இழுவைக்கு லீவரைப் போட்டிருந்தார். தார் வீதிக்கு ஏறிய பிறகு அதை எடுத்துவிட மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்கும் உறைக்கவில்லை. லீவர் அந்த நிலையில் இருக்கும்போது பின் அச்சும் முன் அச்சும் ஒரே பிடியில் இருக்கும். ரோலர் பின் சில்லைச் சுழற்ற, அந்தச் சுழற்சி ஷாப்ட் வழியாக முன் சில்லுக்குப் போனது. முன் சில்லு நின்றதோ வெறும் சீமெந்துத் தரையில். அது உருளத்தானே செய்யும்.

பிழை எங்களுடையது. ஆனால் அங்கே ஒருவராவது "லீவர் எதில இருக்கு?" என்று கேட்டிருந்தால் மேசையும் முழங்காலும் தப்பியிருக்கும்.

பாலாவிக்கு அருகே கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரிடம் அன்று மாலையே போனோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது பெற்றோருடன் கைக்குழந்தையைப்போல் வந்ததாகச் சொல்வார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கதையைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "தம்பி, போர்வீல் எண்டா எல்லாம் ஒண்டில்ல. முதல்ல அது எந்தச் சாதி எண்டு பார்க்கோணும். பிறகுதான் பிரேக்" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஹைலக்ஸ் போன்ற வேலை வாகனங்கள் பலவற்றில், லீவரையோ ஆளியையோ போட்டால்தான் முன் சில்லு இழுக்கும். எடுத்துவிட்டால் சாதாரண வாகனம்தான், ரோலரில் ஏற்றலாம். பழைய மாதிரிகளில் முன் சில்லின் நடுவே கையால் திருகும் பூட்டு இருக்கும். அதையும் திறந்துவிட வேண்டும்.

டிபெண்டர் ஜீப் வேறு வகை. அதில் நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும்; நடுவிலுள்ள டிப்ரன்ஷியல்தான் முன்னையும் பின்னையும் தனித்தனியே சுழல விடுகிறது. அந்த டிப்ரன்ஷியலைப் பூட்டியபடி ரோலரில் விட்டால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த சில கார்களிலும் வான்களிலும் லீவரே இல்லை, பின்கதவில் சிறிய எழுத்தில் மட்டும் அடையாளம் இருக்கும். அவற்றுள் பலவற்றில் முன்னையும் பின்னையும் இணைப்பது, சிலிக்கன் திரவம் நிரம்பிய ஒரு மூடிய உருளை. ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் நின்றால் உள்ளே தகடுகள் உரசித் திரவம் சூடேறும். சூடேற ஏறப் பிடி இறுகும். ரோலரில் ஒரு அச்சை மட்டும் சுழற்றினால் வாகனம் பாயலாம், அல்லது பாயாமலே அந்த உருளை பழுதாகலாம். பழுது அன்றே தெரியாது என்பதுதான் கொடுமை.

பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில், இரு அச்சும் நிரந்தரமாக இயங்கும் வாகனங்களைச் சாதாரண ரோலரில் ஏற்றக்கூடாது என்பது விதி. அழுத்தத்தை அளக்கும் தட்டுகள் மீது ஓட்டி நிறுத்துவார்கள். அல்லது வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று காட்டும் சிறு கருவியை வைத்து வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். இடது சில்லையும் வலது சில்லையும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் சுழற்றும் ரோலர்களும் உண்டு. அப்போது நடு ஷாப்ட் அசையாது.

அங்கே 2010 செப்டெம்பர் 1 முதல் பாவனைக்கு வந்த கார்களுக்கு பிரேக்கின் திறன் 58 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 50. ஐம்பது சதவீதம் என்றால், வாகனத்தின் எடையில் பாதியளவு விசையால் பிரேக் அதை இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டால், மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனம் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 7 மீற்றருக்குள் நிற்க வேண்டும். 11 மீற்றர் போனால் திறன் முப்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நான்கு மீற்றரில் சைக்கிளில் ஒரு பிள்ளை நிற்கலாம்.

ஆனால் புத்தளக் கரையோரத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. குனிந்து பார்ப்பது. உப்பளக் காற்றும் களப்பு ஈரமும் மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் இரும்பைத் தின்றுவிடும். நானா எங்கள் ஹைலக்ஸின் கீழே படுத்து, பின் அச்சின் மேலே ஓடும் பிரேக் குழாயை நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக வந்தது. இன்னொரு தடவை ஓங்கி மிதித்திருந்தால் வெடித்திருக்கலாம் என்றார். அதாவது பையன் தப்பியது எங்களுடைய முதல் அதிர்ஷ்டம் மட்டுமே.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி சிறிது நேரம் பிடித்திருக்கச் சொன்னார். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மேலே உள்ள சிலிண்டர் போய்விட்டது. சில்லின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பின் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது ஒரு கை மணல் கொட்டியது. ஹைலக்ஸில் சுமைக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, அதற்கு அச்சோடு இணைந்த ஒரு கம்பி. வெறும் வாகனத்தில் பின் பிரேக் குறைவாகக் காட்டுவது பழுதல்ல. கம்பி துருப்பிடித்து இறுகிப்போனால், ஐஸும் மீனும் ஏற்றிய பிறகும் குறைவாகவே பிடிக்கும். அதுதான் பழுது. எங்களுடையது இறுகியிருந்தது.

பழைய டிபெண்டர் வைத்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் ஹான்ட் பிரேக் சில்லில் இல்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால், ஷாப்டில் இருக்கிறது. ஓடும்போது அதை இழுத்துச் சோதித்தால் உள்ளிருக்கும் பற்கள் உடையக்கூடும். நிறுத்திவைத்து மட்டுமே பார்க்க வேண்டும். ஒரு சில்லை ஜக்கில் தூக்கினாலும் அந்த ஹான்ட் பிரேக் வாகனத்தைப் பிடிக்காமல் விடலாம், தூக்கிய சில்லு சுழன்று கொடுத்துவிடும். கீழே படுப்பவர் சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் படுக்கக்கூடாது.

இந்த வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 2008 செப்டெம்பரில் வன்னியை விட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெளியேறியபோது, மக்கள் போகவேண்டாம் என்று கெஞ்சி மறித்து நின்றது இப்படிப்பட்ட வாகனங்களைத்தான். வயதான பல வாகனங்கள் இன்றும் கைமாறிக் கைமாறி மீன் ஏற்றுகின்றன, ஆட்களை ஏற்றுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையைக் கேட்டால் பழையதே போதும் என்றாகிவிடும். சொந்தக் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது புகையைப் பற்றித்தான் சொல்கிறது. அதைக் காட்டி "எல்லாம் செக் பண்ணினது" என்று விற்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, குழாய் மாற்றி, வால்வுக் கம்பியை விடுவித்து, டிரம்மைத் துப்புரவாக்கிய பிறகு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு தார்த் துண்டுக்குப் போனோம். மணலில் இந்தச் சோதனை பொய் சொல்லும். தண்ணீருக்குள் இறங்கி வந்த உடனேயும் பார்க்கக்கூடாது, முதலில் மெதுவாக மிதித்து மிதித்து ஈரத்தைக் காயவைக்க வேண்டும். முன்னால் யாரும் நிற்கவில்லை. வாகனத்தில் நண்பர் மட்டும். முதலில் நடை வேகத்தில் ஒரு தடவை, நின்றது. பிறகு இருபதில். பிறகு முப்பதில், வீதியோரம் வெள்ளைப் பெயின்ற் அடித்த கல் வந்ததும் மிதித்தார். ஒரு பக்கம் இழுக்கவில்லை. நானா அளவு நாடாவை விரித்தார். ஏழு மீற்றரும் கொஞ்சமும்.

"இன்னும் ஒருக்கா" என்றார் நானா. நண்பர் வாகனத்தைத் திருப்பப் போனபோது, அவர் சத்தமாகக் கேட்டார்: "தம்பி, லீவர் எதில?"