போனவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்?

செம்பவாங் பக்கம் போனால் சாலைப் பெயர்களைக் கவனியுங்கள். அட்மிரல்டி, கனடா, ஜிப்ரால்டர், மால்டா, டர்பன்... எல்லாம் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் விட்டுச்சென்ற பெயர்கள். ‘நேவல் பேஸ்’ என்றாலே நம் மூத்தவர்கள் பலருக்குப் பேச நிறைய இருக்கும். அங்கே வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் அத்தனை.

வானொலிச் செய்தியில் ‘இந்தோ பசிபிக்கில் பிரிட்டன்’ என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 1968 நினைவுக்கு வரும். நான் பிறக்காத காலம்தான். ஆனாலும் அந்த ஆண்டு தெரியாமல் இன்றைய செய்தி புரியாது.

1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40ஆகக் குறைக்கப்பட்டது. கஜானா காலி. 1968 ஜனவரி 16ஆம் தேதி, சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை மீட்டுக்கொள்வதாகப் பிரதமர் ஹெரால்டு வில்சன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1970களின் நடுப்பகுதிவரை இருப்போம் என்று சொல்லி ஓராண்டுகூட ஆகவில்லை! பிரிட்டிஷ் தளங்கள் அப்போது சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்து வாதாடினார். கிடைத்தது ஒன்பது மாத அவகாசம்: 1971 மார்ச் என்றிருந்த கெடு, டிசம்பர் ஆனது. கப்பல் பட்டறை மட்டும் அடையாளத் தொகையாக ஒரு வெள்ளிக்குக் கைமாறியது. செம்பவாங் ஷிப்யார்டு அப்படித்தான் பிறந்தது.

அதுவரை மலேசியாவையும் சிங்கப்பூரையும் காக்கும் கடமை பிரிட்டனுக்கு இருந்தது. 1971 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்தது ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் உண்டு. தாக்குதல் வந்தால் ஐவரும் உடனே கலந்துபேச வேண்டும், அவ்வளவுதான். போருக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு, 2021இல் பிரிட்டன் மறுபடி கிழக்கே திரும்பியது. அதே ஆண்டு ‘குவீன் எலிசபெத்’ விமானந்தாங்கிக் கப்பல் இந்தப் பக்கம் வந்தது. ‘ஸ்பே’, ‘டாமார்’ என்ற இரண்டு ரோந்துக் கப்பல்கள் நீண்டகாலப் பணிக்குப் புறப்பட்டன. ஆசியானின் கலந்துரையாடல் பங்காளி என்ற தகுதியும் கிடைத்தது. 2025 ஜூனில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ சிங்கப்பூர் வந்தது. அதே பெயருள்ள பழைய போர்க்கப்பலைத்தான் 1941 டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கப்பலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு நெஞ்சழுத்தம்தான்!

என்னைக் கேட்டால், கப்பல்களைவிட வணிகம்தான் நிற்கும். 2024 டிசம்பர் 15ஆம் தேதி சிபிடிபிபி வர்த்தக உடன்பாட்டில் பிரிட்டன் சேர்ந்தது. சிங்கப்பூருக்கு அதனுடன் ஏற்கெனவே தடையற்ற வர்த்தக உடன்பாடு உண்டு. மலேசியாவுக்கு இதுதான் முதல் முறை, செம்பனை எண்ணெய்க்கான வரிச் சலுகையோடு. ஒரு கப்பலை ஒரே உத்தரவில் திருப்பி அழைத்துவிடலாம். சந்தையில் காலூன்றிய நிறுவனங்களை அப்படி அழைக்க முடியாது.

வில்சனின் அதே தொழிற்கட்சிதான் இப்போது லண்டனில் ஆட்சியில் இருக்கிறது. 2025 ஜூனில் அது வெளியிட்ட தற்காப்பு மறுஆய்வு ‘நேட்டோவுக்கே முதலிடம்’ என்கிறது. உக்ரேன் பக்கத்தில் எரியும்போது அதைக் குறை சொல்வதற்கில்லை. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படையின் சிறிய எரிபொருள் நிலையம் மட்டும் இந்த ஐம்பது சொச்சம் ஆண்டுகளாக மூடப்படவே இல்லை.