சிறோ கேட்கிறவருக்கும் ஒரு கதிரை

பரிசில் ஒரு கஃபேயின் கவுண்டருக்குப் பின்னால் 18 வருசம் நின்றிருக்கிறேன். ஊரிலிருந்து யார் கோல் எடுத்தாலும், "அங்கை தண்ணிக்குப் பதிலா வைன்தானாமே?" என்று கேட்பார்கள். நான் ஒரு கோடை நாளில் எத்தனை பச்சைக் கிளாஸ் நிரப்புகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பச்சை என்றால் புதினா சிறோ. பழமோ இலையோ சேர்த்த கெட்டிச் சீனிப்பாகைத்தான் பிரெஞ்சில் சிறோ என்கிறார்கள். உயரக் கிளாசின் அடியில் இரண்டு விரல் அளவுக்கு அதை ஊற்றுவேன். பாகு கனமானது, அடியில் கரும்பச்சையாகப் படிந்துகிடக்கும். குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டால் பச்சை மெல்லச் சுழன்று மேலே ஏறும். ஒரு பங்கு சிறோவுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர். இதுதான் மோந்த் அ லோ. தண்ணீருக்குப் பதிலாக லிமொனாத் விட்டால் அதன் பெயர் தியாபொலோ. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

லிமொனாத் என்றால் தேசிக்காய்த் தண்ணி என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, அது தேசிக்காய் வாசம் உள்ள இனிப்புச் சோடா. பிழிந்த சாறு வேண்டுமென்றால் 'சித்ரோன் பிரெஸே' என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, சாறு, சீனி, தண்ணீர் எல்லாவற்றையும் நன்றாகக் கலக்கி ஓர் அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் தொடவே இல்லை. சாறு கிளாசில், தண்ணீர் ஜாடியில், சீனி தனியாக வர வேண்டுமாம். எவ்வளவு புளிப்பு, எவ்வளவு இனிப்பு என்பதைக் குடிப்பவர்தான் தீர்மானிப்பார். அன்றிலிருந்து சிறோவுக்கும் தண்ணீரை ஜாடியிலேயே வைத்துக் கொடுக்கப் பழகிவிட்டேன்.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வைன் திறப்பான் இருக்கும். மடக்குக் கத்தி மாதிரி இருக்கும் அதற்கு இங்கே பெயர் லிமொனாதியே, அதாவது லிமொனாத் விற்பவர். 1676இல் பரிசின் லிமொனாத் வியாபாரிகளுக்கென்று தனிச் சங்கமே இருந்தது. கோப்பி, மது விற்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. கஃபே நடத்துபவரை இன்றைக்கும் லிமொனாதியே என்றே சொல்கிறார்கள். வைன் போத்தலைத் திறக்கிற சாமானுக்கு இனிப்புத் தண்ணீர் விற்றவர்களின் பெயர்! இதை முதலாளி சொன்ன நாளில் எனக்கு இந்தத் தொழிலில் ஒரு பெருமை வந்தது.

சிறோவுக்குப் பேர்போன ஊர் அல்ப்ஸ் மலைப்பக்கம் உள்ள கிரெனோபிள். தெய்ஸேர் நிறுவனத்தின் கதை அங்கே 1720இல் தொடங்குகிறது. சிவப்பு நிறக் கிரெனதீன் சிறோ பெயரளவில் மாதுளம்பழம். இப்போது பெரும்பாலும் வேறு சிவப்புப் பழங்களும் வனிலாவும்தான். எனக்குப் பிடித்தது பக்கத்து வுவாரோனில் 1898இல் பிறந்த ஆந்தெசீத் என்ற கெட்டிச் சாறு. ஒரு கிளாஸ் தண்ணீருக்குச் சில துளி போதும், சீனியே கிடையாது. முதல்முறை வாயில் வைத்ததும் அம்மம்மா இருமலுக்குத் தந்த அதிமதுரம் நினைவுக்கு வந்தது. அது அதிமதுரமேதான்.

மற்றவற்றில் சீனி கூடுதல், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் இந்தக் கிளாசுகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டு மேசையில் வைன் கூடாது என்று 1956இல்தான் இந்த நாட்டில் உத்தரவு வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், இந்தக் கிளாஸ் ஒன்று கையில் இருந்தால் குடிக்காதவர் குடிப்பவரோடு ஒரே மேசையில் விரும்பிய நேரம்வரை இருக்கலாம். கார் ஓட்டுபவர், கர்ப்பிணி, நோன்பு துறக்க வந்தவர், என்னைப்போல வாழ்க்கையில் தொடாதவர், யாரிடமும் எவரும் காரணம் கேட்பதில்லை.

எங்கள் கஃபேக்கு மாலையில் நாலு கிழவர்கள் வருவார்கள். நாலு பேருக்கும் பஸ்தீஸ். சோம்பு வாசம் வீசும் அந்த மது, தண்ணீர் விட்டதும் பால்போல் கலங்கும். போன வருசம் ஒருவருக்கு டொக்டர் மதுவை நிறுத்திவிட்டார். மூன்று நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள் வந்து கவுண்டரில் என் காதருகே மெதுவாக, "ஓர்ஷா" என்றார். ஓர்ஷா, பாதாம் சிறோ. பெயர் வந்தது பார்லியிலிருந்து. ஒரு காலத்தில் பார்லியும் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள். தண்ணீர் விட்டால் அதுவும் வெள்ளையாகக் கலங்கும்.

பஸ்தீஸ் கிளாசிலேயே ஊற்றி, அதே சின்ன ஜாடியோடு கொண்டுபோய் வைத்தேன். அவர் தானே தண்ணீர் விட்டார். நாலு வெள்ளைக் கிளாஸ் மேலே எழும்பி ஒன்றோடொன்று தட்டின.