கல்முனை முதல்வர் கதிரையின் கணக்கு

கல்முனை மாநகர முதல்வரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. வாக்குச்சீட்டில் இருப்பவை கட்சியும் சின்னமும்தான். மக்கள் இடும் புள்ளடிகளிலிருந்து முதலில் உறுப்பினர்கள் பிறக்கிறார்கள். அவர்கள் கூடி ஒருவரைக் கதிரையில் அமர்த்துகிறார்கள். இவ்விரு படிகளுக்கும் நடுவில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது.

2018இல் அறிமுகமான கலப்பு முறையில் 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும், 40 சதவீதத்தினர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருவார்கள். ஒரு சபையில் 40 ஆசனங்கள், மொத்தம் 40,000 வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாக்குக்கு ஓர் ஆசனம். 8,000 வாக்கு எடுத்த கட்சிக்கு எட்டு ஆசனம் உரித்து. அது ஐந்து வட்டாரங்களில் வென்றிருந்தால், மீதி மூன்று பட்டியலிலிருந்து வரும். ஒன்பது வட்டாரங்களில் வென்றிருந்தால்? கூடுதலாக வென்றதை யாரும் பறிக்க மாட்டார்கள், சபையே பெரிதாகிவிடும்!

அதற்கு முன்பு வேறு கணக்கு. 2011இல் சபையில் 19 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸ் 11 வென்றது. ஆனால் ஒரே கட்சிக்குள் விருப்பு வாக்குப் போட்டி. சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப் முந்தி முதல்வரானார். ஆயினும் பதவிக்காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டின்படி 2013இல் அதே கட்சியின் நிஸாம் காரியப்பர் முதல்வரானார். கட்சிக்குள் தெரிந்த அந்த இழுபறி, உண்மையில் ஊர்களுக்கு இடையிலான இழுபறி.

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை நகர், கல்முனைக்குடி வழியாகச் சாய்ந்தமருது வரை சைக்கிளில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்குள் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், கல்முனைப் பட்டின சபையையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளையும் ஒன்றாக்கியது. இந்த இணைப்பில் இழந்த சபையைத் திருப்பிக் கேட்ட சாய்ந்தமருது, 2018இல் பள்ளிவாசலின் தலைமையில் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 9 ஆசனங்களை அள்ளியது. ஓர் ஊரின் கோபத்தை இவ்வளவு துல்லியமாக ஆசனங்களாக மாற்றியது அந்தப் புதிய கணக்குத்தான்.

எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. முஸ்லிம் காங்கிரஸின் சட்டத்தரணி ஏ. எம். றக்கீப் முதல்வரானார், தமிழர் விடுதலைக் கூட்டணியின் காத்தமுத்து கணேஷ் பிரதி முதல்வரானார். அதன் பிறகு வந்தவை எந்த முதல்வரையும் உலுக்கியிருக்கும். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். 26ஆம் திகதி சாய்ந்தமருதில் குண்டுவெடிப்பு. ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம். மாநகர சபையின் தமிழ் உறுப்பினர்களும் அதில் அமர்ந்தார்கள். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு கொரோனா, 2022இல் நாட்டையே புரட்டிப்போட்ட அரகலய மக்கள் போராட்டம்.

கதிரை நிலைக்க அமைதி மட்டும் போதாது; சட்டத்துக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. பாதீடு, அதாவது ஆண்டு வரவு செலவுத் திட்டம், இரண்டாம் முறையும் தோற்றால் முதல்வர் பதவி விலகியதாகவே கொள்ளப்படுவார். 2020 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இமானுவேல் ஆர்னோல்ட் அப்படித்தான் வீழ்ந்தார். அவருக்குப் பின் வி. மணிவண்ணன் 21க்கு 20 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கால் வென்றார். ஒரு கையை உயர்த்துவதில் ஒரு நகரத்தின் தலைமையே மாறுகிறது.

றக்கீப்பின் சபையோ முழுக் காலத்தையும் ஓடியது. நான்கு ஆண்டுகள் முடிந்ததும் அரசாங்கம் அதன் காலத்தை ஓராண்டு நீட்டித்தது. 2023 மார்ச் 19இல் நாட்டின் ஏனைய சபைகளோடு அதுவும் கலைந்தது. அன்று முதல் ஆணையாளர், அதாவது நிர்வாகத் தலைமை அலுவலர், முதல்வரின் அதிகாரங்களையும் சேர்த்து நடத்துகிறார். குப்பை வண்டி ஓடும், வரி அறவிடப்படும். ஆனால் ஆணையாளரிடம் கேள்வி கேட்க வட்டார உறுப்பினர் எவரும் சபையில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும், நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனையில் வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை.