ஊழிய விசா மறுக்கப்பட்டால்: முதலில் கடிதத்தைப் படியுங்கள்

அமெரிக்காவில் தமிழ்ச் சபையை நடத்தப் போன போதகர் குடும்பங்கள் இரண்டு மூன்று வருடத்தில் பெட்டி படுக்கையோடு திரும்பி வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால், "தேவன் அந்தக் கதவை அடைத்துவிட்டார், வேறு களத்துக்கு நடத்துகிறார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் மறுப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தால், கதவை அடைத்தது பெரும்பாலும் சபைச் செயலாளர்தான் என்று தெரியும். கூடுதல் ஆவணம் கேட்டுக் குடியேற்றத் துறை எழுதியிருக்கும். அதிகபட்சம் 12 வாரம் தவணை. ஞாயிறு மதியம் மட்டும் வேறொரு சபையின் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் சபையில் செவ்வாய்க்கிழமை வரும் தபாலை யார் பிரிக்கிறார்கள்? தவணை முடிந்தது, மனு தள்ளுபடி. இதைத் தேவன்மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அங்கே ஊழியக்காரர்களுக்கான விசா ஆர்-1. மனைவி, பிள்ளைகளுக்கு ஆர்-2. படிக்கலாம், சம்பள வேலை செய்யக் கூடாது. முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 வருடம். விண்ணப்பிப்பது போதகர் அல்ல, சபை. ஐ-129 மனுவோடு வருமான வரித் துறையின் 501(சி)(3) வரிவிலக்குக் கடிதம், போதகர் குறைந்தது இரண்டு வருடம் அதே சபைப் பிரிவில் உறுப்பினர் என்பதற்கான சான்று, சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கான கணக்கு எல்லாம் வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. காணிக்கைப் பையிலிருந்து எடுத்துக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, "எங்கள் போதகருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்" என்று எந்த அதிகாரியிடமும் நிரூபிக்க முடியாது. சம்பளச் சீட்டு, வருடாந்திர டபிள்யூ-2 படிவம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு (கிரீன் கார்டு) ஐ-360 என்ற தனி மனு. 2023 ஏப்ரல் முதல் அந்த வரிசை எல்லா நாட்டவருக்கும் தேங்கிக் கிடக்கிறது. 2025 பிப்ரவரி கடைசியிலேயே அந்த நிதியாண்டின் விசாக்கள் தீர்ந்துவிட்டன என்று கையை விரித்தார்கள். தவறே செய்யாத குடும்பமும் 5 வருடக் கெடு முடிந்து வெளியேற வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. ஐந்தாவது வருடம் வக்கீலைத் தேடாதீர்கள். முதல் வருடமே தேடுங்கள்.

சரி, மறுத்துவிட்டார்கள். மறுக்கப்பட்டது எந்தத் தாள்? சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் 221(ஜி) என்று ஒரு சீட்டுக் கொடுத்தால், கேட்ட ஆவணத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்து அதே விண்ணப்பத்தைத் தொடரலாம். அதை வாங்கிக்கொண்டு "விசா போச்சு" என்று அழுதபடி ஊருக்கு பஸ் ஏறியவர்கள் உண்டு. ஐ-129, ஐ-360 மறுக்கப்பட்டால் ஐ-290பி படிவத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தவணை, மறுப்பு முடிவின் தேதியிலிருந்து 30 நாள். முடிவைத் தபாலில் அனுப்பியிருந்தால் 33 நாள். கையெழுத்துப் போட வேண்டியது மனுவைத் தாக்கல் செய்த சபை. சபை போட்ட மனுவுக்குப் போதகர் தானாகப் போட்டால் செல்லாது. கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. மறுபரிசீலனை மட்டும் கேட்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேல்முறையீடு போட்டிருப்பது அங்கே தங்குவதற்கான அனுமதி ஆகாது. "கேஸ் நடக்குது, பிரச்சினை இல்லை" என்று சொல்லும் உறவுக்காரரை நம்பாதீர்கள். சபையில் இருக்கும் கணினித் துறைத் தம்பி, "60 நாள் டைம் இருக்கு பாஸ்டர்" என்பார். அது அவருடைய எச்-1பி விசாவுக்கு. அந்தச் சலுகைப் பட்டியலில் ஆர்-1 இல்லை. திரும்பச் சொல்கிறேன்: ஊழிய விசாவுக்கு 60 நாள் சலுகை கிடையாது.

கணக்கு இப்படி ஓடும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதியைப் பார்க்காதீர்கள்; எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவின் தேதியைப் பாருங்கள். நீட்டிப்பு ஒப்புதலின் அடிப்பகுதியில் புது ஐ-94 இருக்கும். அதைக் கிழித்துப் பத்திரமாக வையுங்கள், கோப்போடு தொலைத்துவிடாதீர்கள். கெடுவுக்கு முன்பே நீட்டிப்பு கேட்டு, கெடு முடிந்தபின் அது மறுக்கப்பட்டால், மறுத்த மறுநாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடம் நுழையத் தடை. ஒரு வருடம் ஆனால் 10 வருடம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஓடாது, பெற்றோருக்கு ஓடும். "கிறிஸ்துமஸ் ஆராதனை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று தங்கி, பிறகு மகளின் பட்டமளிப்புக்குக்கூடப் போக முடியாமல் நிற்பது இதனால்தான். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும். வக்கீல் உண்மையான வக்கீல்தானா என்று அந்த மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் பாருங்கள். அங்கே நோட்டரி என்பவருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல உரிமை இல்லை.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அமெரிக்கப் பிரஜை. பெற்றோரின் மறுப்பு அதை மாற்றாது. ஆனால் அந்தப் பிள்ளை இந்தியாவில் விசா இல்லாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு, புறப்படும் முன்பே அங்கிருந்து விண்ணப்பித்துவிடுங்கள். திருநெல்வேலிக்கு வந்து பள்ளிச் சேர்க்கை நேரத்தில் ஓடாதீர்கள். அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட போதகர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், இந்தியாவில் மிஷனரி பணி செய்யச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச் அரசிதழ் அறிவிப்பு சொல்கிறது. சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகத்திலுள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ இந்தியத் தூதரகத்திலோ கேட்டு வாங்குங்கள். உபவாசக் கூட்டத்துக்குப் போஸ்டர் அடித்த பிறகு கேட்காதீர்கள்.

சிலர் ஊழியத்தை அண்டை நாட்டுக்குத் திருப்புகிறார்கள். நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை என்பதால் அங்கே சிக்கலே இல்லை என்று எண்ணம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் மதமாற்ற முயற்சிக்கு 5 வருடம் வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தும்.

ஊரிலேயே ஊழியம் என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் காத்திருக்கும் குழி பணம். அங்கிருந்த சபை, "மாதம் கொஞ்சம் அனுப்புகிறோம், பாஸ்டர் ஜி.பே. நம்பர் கொடுங்கள்" என்று கேட்கும். கொடுக்காதீர்கள். மத, சமூகப் பணிக்காக வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. தனிநபர் என்பதால் விலக்கு இல்லை. மீறினால் சிறைவரை போகும் குற்றம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். சபையின் கணக்கிலிருந்து வந்தால் கேள்வியே இல்லை.

புதிதாக டிரஸ்ட் பதிவு செய்த உடனே எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கிடைக்காது. மூன்று வருடம் இயங்கி, அந்த மூன்று நிதியாண்டில் நோக்கப் பணிக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். அதுவரை உள்ள வழி முன் அனுமதி. குறிப்பிட்ட கொடையாளரின் உறுதிக் கடிதம், தொகை, திட்டம் ஆகியவற்றோடு எஃப்சி-3பி படிவத்தை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட வேண்டும். பதிவு, முன் அனுமதி இரண்டிலும் பணம் முதலில் இறங்க வேண்டிய இடம் டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கு. கன்னியாகுமரியில் வேலை செய்கிறவருக்கு டெல்லிக் கணக்கு எதற்கு என்று கேட்டால் 2020 திருத்தத்தைக் காட்டுகிறார்கள். அதே திருத்தம், பதிவுள்ள அமைப்பு தான் பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. எனவே, "தெரிந்த டிரஸ்ட் வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்ற பழைய ஏற்பாடு இனி நடக்காது. பதிவுள்ள அமைப்பில் முறையான நியமனக் கடிதத்தோடு, சம்பளம் வாங்கும் ஊழியராகச் சேருவதே நான் பார்த்தவரை சிக்கல் குறைந்த வழி. அதற்கும் முதலில் ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.

அமெரிக்காவிலுள்ள சபைக் கமிட்டிகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: போதகர்மேல் அன்பு இருந்தால், பணம் அனுப்பும் முன் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எண்ணையோ முன் அனுமதிக் கடிதத்தையோ எழுத்தில் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் சபைக் கணக்கிலிருந்து ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.