பத்து நாளில் பத்து கிலோ: பொடி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கல்யாண சீசன் தொடங்கினால் நம் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் வர ஆரம்பித்துவிடும். இடப்பக்கம் பருமனான ஒரு பெண், வலப்பக்கம் அதே பெண் ஒல்லியாக, கீழே ஒரு பொடி டப்பா. “பத்து நாளில் பத்து கிலோ. முற்றிலும் மூலிகை. பக்கவிளைவு கிடையாது.” சில டப்பாக்களில் கருஞ்சீரகப் படமும் ஹலால் முத்திரையும் இருக்கும்.

சென்ற மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு சகோதரி, மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். “பொடி நல்லா வேலை செய்யுது டாக்டரம்மா. நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு, ராத்திரி தூக்கம் இல்லை.” ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. விற்றவர் சொன்னார் என்று, பல வருடமாகச் சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். மகளின் நிக்காஹ்வுக்கு இரண்டு மாதமே பாக்கி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் உடல் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 2,000 கலோரி. பத்து நாள் எதுவுமே சாப்பிடாமல் கிடந்தாலும் இரண்டரை கிலோ கொழுப்புதான் கரையும். அப்படியானால் விளம்பரத்தில் வரும் மீதி ஏழரை கிலோ எங்கிருந்து குறைகிறது?

பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. பல பொடிகளில் நிலாவரை போன்ற பேதி மூலிகை சேர்க்கப்படுகிறது. நம் திருநெல்வேலிப் பக்கம் விளைந்து உலகமெங்கும் ஏற்றுமதியாகும் இலைதான் அது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் சாப்பிட்டால் பிழையில்லை. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். நாம் சாப்பிட்ட சோற்றின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். வெளியேறுவது நீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நிறுத்தி நான்கு நாள் தண்ணீர் குடித்தால் எடை திரும்ப வந்து நிற்கும்.

குடம்புளி மாத்திரையும் இப்படித்தான். மீன் குழம்பில் போடும் அதே குடம்புளியின் சாற்றை 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை. குழம்பில் போடுவதற்குப் பயமில்லை. செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேலை செய்யாத பொடியால் பணம் போகிறது. நிஜமாகவே வேலை செய்யும் பொடியைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சிபுட்ரமின் என்றொரு பசியடக்கும் மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், இதய நோய் உள்ளவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துவது தெரிந்ததால் 2010இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. 2011இல் இந்தியாவிலும் தடை. அதற்குப் பிறகும் ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட பல மெலிவுப் பொருள்களில் இந்த மருந்து கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனைக் கூடங்கள் கண்டுபிடித்தன. டப்பாவில் அதன் பெயர் இருக்காது. பசி மந்தமாகும், எடை குறையும், கூடவே நாடித் துடிப்பும் பிரஷரும் ஏறும். அந்தச் சகோதரியின் பொடியில் இருந்தது இதுதானா என்பதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமம். எடை குறையும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று கிடையாது. ஹலால் முத்திரையும் அதற்குச் சான்றாகாது. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

சரி, எடை குறைய வேண்டும் என்பது உண்மையாகவே இருந்தால்? தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். எண்பது கிலோ உள்ளவர் சில மாதங்களில் நான்கு கிலோ குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். வாரம் அரை கிலோ என்பது நல்ல வேகம்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் குறைக்க இடம் தாராளமாக இருக்கிறது. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 200 கலோரி. மாதத்துக்கு 6,000. மேலே சொன்ன கணக்கில் முக்கால் கிலோ! விருந்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாது. வீட்டிலாவது தனித் தட்டில், முதலில் காய்கறியும் மீனும், பிறகு சோறு என்று வைத்துக்கொள்ளலாம். நோன்புக் காலத்தில் எடை ஏறுவது கஞ்சியால் இல்லை, பக்கத்தில் இருக்கும் வடையாலும் சமோசாவாலும் சர்பத்தாலும்தான். வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். தெருவில் நடக்கக் கூச்சப்படுகிற பெண்களுக்கு ஃபஜ்ருக்குப் பிறகு மொட்டை மாடி இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் குறையாவிட்டால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை போன்ற காரணங்கள் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். இப்போது பேசப்படும் எடை குறைப்பு ஊசிகளும் மருத்துவர் சீட்டில்தான் வாங்க வேண்டியவை. இன்னொன்று: கல்யாண வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் “என்னடி இப்படிப் பெருத்துட்டே” என்று கேட்கும் பழக்கத்தை நம் பெரியம்மா, மாமிமார்கள் விட்டுவிடலாம். பொடி டப்பாவைத் தேடிப் போகும் பிள்ளைகளில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான்.

ஏற்கெனவே பொடி சாப்பிடுபவர்கள் இன்றே நிறுத்துங்கள். மருத்துவர் எழுதித் தந்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் நிறுத்தாதீர்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கண் மஞ்சளாதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துகளால் ஏற்பட்ட பாதிப்பைத் தெரிவிக்க மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.