காக்காப்பொன்னில் ஒரு பெண்மணி

வெயிலில் பளபளக்கும் காக்காப்பொன்னை நம் பக்கத்துச் சிறுவர்கள் அறிவார்கள். படித்தவர்கள் அதை அப்பிரகம் என்பார்கள். வெங்காயத் தோலைப்போல் அதை உரித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தோலும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். கம்பெனியார் காலத்தில் நம் சித்திரக்காரர்கள் அந்தத் தோலின்மீது வர்ணம் தீட்டினார்கள். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி இத்தொழிலுக்குப் பேர்போன இடம். துரைமாரும் துரைசானிமாரும் கப்பலேறும்போது, இந்நாட்டின் ஞாபகமாக இவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போனார்கள். உழவரும் குயவரும் தத்தம் மனைவியரும், துரை வீட்டுச் சமையற்காரரும், குழந்தையை இடுப்பில் வைத்த ஆயாவும் இவ்விதமே கடல் கடந்தனர். பிறகு போட்டோப் படம் வந்தது. சித்திரக்காரர் பிழைப்பும் போயிற்று.

இவ்வகைத் தொகுதிகளுள் நமக்கு மிகவும் அருகிலுள்ளது மதுரையில் 1837-இல் தயாரானது. அமெரிக்கப் பாதிரிமார் அங்கே நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் எழுத்து வாத்தியார் அதைத் தொகுத்தார். வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு அது அன்பளிப்பாயிற்று. அப்பிரகத் தகட்டில் 72 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷிலும் தமிழிலும் குறிப்பு. மேனாட்டு நாகரிகம் நுழையுமுன் மதுரைச் சீமையில் புடவை கட்டிய விதத்தையும், காதிலும் கழுத்திலும் பூண்ட நகைகளையும் இன்று அறிய வேண்டுமானால் இப்படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தொகுதி இப்போது அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை நூலகத்தில் இருக்கிறது. (அக்கலாசாலைக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்தவர். 1718-இல் அவர் அனுப்பிய சரக்கு மூட்டைகளை விற்ற பணமே அன்று அதற்குக் கைகொடுத்தது. நம் சீமையின் செல்வம் போன வழியிலேயே சித்திரமும் போயிருக்கிறது!) எனினும் கைப்பேசி உள்ள எவரும் வீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

அதன் தலைப்புத்தான் நம்மை உறுத்துகிறது. 'இந்திய ஜாதிகளின் 72 மாதிரிகள்' என்பது அதன் பொருள். மாதிரி என்பது அரிசி வியாபாரி உள்ளங்கையில் ஏந்திக் காட்டும் சரக்கு அல்லவா? ஜாதியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மனிதரின் பெயர் இல்லை. ஆடவனுக்காவது அவன் தொழில் ஓர் அடையாளம். அருகில் நிற்கும் பெண்ணுக்கு, அவனுடைய மனைவி என்பதே அடையாளம். வரைந்தவர் பெயரும் இல்லை. தொகுத்தவரும் வெறும் எழுத்து வாத்தியார்தான். நாமும் அதே தொழிலைச் செய்வதால் இது சற்று அதிகமாகவே சுடுகிறது போலும்.

ஆனால் குற்றம் முழுவதையும் துரைமார் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. சுதந்திரம் பெற்று 1951–52-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, சொந்தப் பெயரைச் சொல்ல இசையாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதிக்கொண்ட ஏறக்குறைய 28 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. பெரும்பாலும் வடக்கே நடந்த விஷயம் அது. ஆயினும், பரளச்சியிலும் சுற்றுப்புறக் கரிசல் கிராமங்களிலும் கணவன் பெயரைப் பாட்டிமார் உச்சரிக்கமாட்டார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பாட்டியின் பெயரை எத்தனை பேர் உச்சரித்தார்கள் என்று கேட்பதில்லை.

பரளச்சிப் பிள்ளைகளுக்கு இப்படங்களை நாம் காட்டியபோது, "சார், இந்த அம்மா பேர் என்ன?" என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரியாது என்றோம். பிறகு, அவரவர் கொள்ளுப்பாட்டியின் பெயரை நோட்டில் எழுதச் சொன்னோம். பேனாக்கள் அசையவில்லை. வீட்டில் விசாரித்து வரும்படி அனுப்பினோம். மறுநாள் மூன்று பேர் எழுதி வந்தார்கள். மற்றவர் வீடுகளில் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை.